இசக்கிமுத்து படத்துக்குக் கீழே

நூலைக் கொளுத்திக் காட்டுவதில் ஜெனிதாவை மிஞ்ச தி. நகரில் ஆள் கிடையாது. விரிப்பின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவுவாள், தீக்குச்சியைக் கிழிப்பாள். நூல் சட்டென்று பற்றி, காகிதம் எரிகிற மணத்தோடு முடிந்து, விரலில் தேய்த்தால் சாம்பலாகப் பறந்துவிடும். “பாலிஸ்டர் கலந்திருந்தா இந்நேரம் உருகி உருண்டையா நின்னுருக்கும் மேடம்” என்பாள். அவ்வளவுதான், எப்பேர்ப்பட்ட சந்தேகப் பிராணியும் பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டிவிடும்.

இந்த வித்தையைக் கடையில் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அவள் அம்மா தேசம்மா பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவள். வாங்க வந்தவர் வாயைத் திறப்பதற்குள் செவுளைத் தூக்கி உள்ளே இருக்கும் சிவப்பைக் காட்டிவிடுவாள். மகள் மீன் கூடையைத் தொடமாட்டேன் என்று அடம்பிடித்து, பத்தாவது முடித்த கையோடு சுயம்புலிங்கம் அண்ணாச்சியின் துணிக்கடையில் சேர்ந்தாள். கைக்குட்டைப் பிரிவில் தொடங்கி, துண்டு, தலையணை உறை என்று மேலே ஏறி, இப்போது இரண்டாவது மாடியில் பெட்ஷீட் பிரிவுக்கே பொறுப்பாளர். செவுளுக்குப் பதில் நூல் என்பதைத் தவிர, அம்மாவுக்கும் மகளுக்கும் தொழிலில் பெரிய வித்தியாசம் இருப்பதாகத் தெரியவில்லை.

அந்த மாடியில் அவளுக்கென்று ஒரு செல்ல மூலை உண்டு. மருந்தடிக்காமல் விளைந்த பருத்தியில் நெய்த விரிப்புகள் இருக்கும் மூலை. கீரைக்கட்டிலிருந்து குளியல் சோப்பு வரைக்கும் ஆர்கானிக் என்று சொன்னால் கூடுதலாகக் கொடுத்து வாங்கும் ஊராகச் சென்னை மாறிவிட்ட பிறகு, அண்ணாச்சியும் அதைத் தொடங்கினார். ஆனால் வெறும் வார்த்தைக்காகத் தொடங்கவில்லை. சொந்த ஊர்ப் பக்கம், ஓட்டப்பிடாரத்துக் கரிசலில், பூச்சிமருந்தை விட்டொழித்துப் பருத்தி போடும் சம்சாரிகள் சிலரைத் தேடிப் பிடித்தார். அவர்கள் பஞ்சைத் தனியாக மில்லுக்கு அனுப்பி, நூலாக்கி, கரூரில் நெய்து வாங்கினார். அந்தச் சம்சாரிகளில் ஒருவரான இசக்கிமுத்துவின் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி ரேக்குக்கு மேலே மாட்டினார். இரண்டு கையிலும் வெடித்த பருத்தியை ஏந்திக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிற மனிதர். ‘இவர் காட்டில் விளைந்த பருத்தி’ என்று கீழே எழுதியிருக்கும்.

கடையில் இன்னொரு சட்டமும் உண்டு. மாலையில் விளக்கு வைக்கும்போது எந்த ரேக்கும் வெறுமையாக இருக்கக் கூடாது. அண்ணாச்சியின் அப்பா மளிகைக் கடை வைத்திருந்த காலத்திலிருந்து வருகிற சட்டம் அது. சரோஜாதேவி அக்கா சாம்பிராணித் தட்டோடு மாடி மாடியாக வருவதற்குள், விற்றுத் தீர்ந்த இடத்தில் கைக்குக் கிடைத்ததை வைத்து நிரப்பிவிட வேண்டும். மறுநாள் காலையில் வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம். வெறும் ரேக்கைக் கண்டால் அண்ணாச்சிக்கு நெஞ்சுவலி வந்ததுபோல் முகம் போய்விடும். அதனால் வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்வது இதைத்தான்.

ஆடித் தள்ளுபடியின்போது ஒருநாள் மாலை இசக்கிமுத்துவின் ரேக் காலியாகிவிட்டது. கூட்டமென்றால் அப்படிக் கூட்டம். கீழே சாம்பிராணி வாசம் கிளம்பிவிட்டது. ஜெனிதா கிடங்குக்கு ஓடி, கையில் அகப்பட்ட கட்டைத் தூக்கி வந்து அடுக்கினாள். அதே கரூர்த் தறி, அதே சந்தன நிறம், அதே பச்சைக் கரை. நூல் மட்டும் சந்தையில் வாங்கிய சாதாரண நூல். காலையில் மாற்றிவிட வேண்டும் என்று நினைத்தாள். மறந்துபோனாள். ஆடித் தள்ளுபடியில் நின்று வேலை பார்த்தவர்களுக்கு அது புரியும், சொந்தப் பெயரே மறந்துபோகும். மற்ற பெண்கள் ரேக் குறையக் குறைய கிடங்கில் அதே மாதிரிக் கட்டுகளிலிருந்து எடுத்து நிரப்பினார்கள். ஜெனிதா வழக்கம்போல நூலை உருவிக் கொளுத்திக் காட்டினாள். எந்த மருந்தைக் குடித்து வளர்ந்த பருத்தியானாலும் நூல் ஒரே மாதிரிதானே எரியும். அது அவளுக்கு அப்போது தோன்றவே இல்லை.

தோன்றியது ஆவணியில். கரூரிலிருந்து தறிக்காரர் போன் செய்தார்.

“அக்கா, அண்ணாச்சிகிட்ட சொல்லிருங்க. அந்த மருந்தில்லாப் பஞ்சு இன்னும் நூலாகி வரலீங்க. மில்லுல மிசினெல்லாம் சுத்தம் பண்ணித்தான் அதை ஓட்டோணும், மொறை வரலைங்கறாங்க. ஆனி மாசத்துக்கு அப்புறம் நாங்க உங்களுக்கு அதுல ஒண்ணும் அனுப்பவே இல்லீங்களே.”

ஜெனிதா போனைக் காதில் வைத்தபடியே திரும்பிப் பார்த்தாள். ரேக் நிறைந்திருந்தது. மேலே இசக்கிமுத்து சிரித்துக்கொண்டிருந்தார்.

பொய் சொல்லி விற்றுவிட்டேனே என்று முதலில் வந்தது. பிறகு ஒவ்வொரு முகமாக வந்தது. ஆழ்வார்பேட்டையிலிருந்து வரும் மதுமதி மேடம், நிறைமாத வயிற்றோடு படியேறி வந்து, பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று வாங்கிப்போனது இந்தக் கட்டிலிருந்துதான். “நீங்க சொன்னா சரிதான் ஜெனிதா” என்று சொல்லிவிட்டு, நூலைக் கொளுத்தக்கூட விடவில்லை அவள்.

அன்று மத்தியானமே ஜெனிதா கீழே போய் அண்ணாச்சியின் கண்ணாடி அறைக்குள் நின்றாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். திட்டுவார் என்று தலையைக் குனிந்து காத்திருந்தாள். திட்டு வரவில்லை. அண்ணாச்சி டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

“யாராவது திருப்பிக் கொண்டு வந்தாவளா?”

“இல்ல அண்ணாச்சி.”

“அரிக்குது, கொப்புளம் வருதுன்னு ஒரு சத்தம்?”

“இல்ல.”

“ஆக, ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியல.”

சொல்லிவிட்டு அவர் டீயைக் குடிக்காமலே மேசையில் வைத்தார். மனிதர் மனசுக்குள் எதையோ கூட்டிக் கழிப்பது முகத்தில் தெரிந்தது. தன் வாயாலேயே ஒரு யோசனையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“வெள்ளிக்கிழமை இசக்கிமுத்து வாரான்” என்றார் கடைசியில். “புரட்டாசி பொறக்கப்போவுதுல்லா, விதைக்கணும். எவ்வளவு எடுப்பீயன்னு கேட்டுத்தான் வாரான். பேருக்குக் கொஞ்சம் எடுத்துக்கிடுவோம். படம் அங்கனயே இருக்கட்டும். ரேக்குக்கு இப்ப வைக்கிற துணியே போதும். நீ எப்பவும்போல நூலைக் கொளுத்திக் காட்டு. வேற ஒண்ணும் பேசாண்டாம், கேட்டியா?”

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் ஜெனிதாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் கணவன் பிரபாகர் படகில் கை நசுங்கி ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுமாக வார்டு வாசலில் வந்து நின்ற மனிதர். பிரபாகரின் கை இன்னும் வலை இழுக்கும் நிலைக்கு வரவில்லை. வீடு ஓடுவது ஜெனிதாவின் சம்பளத்தில்தான். எல்லாம் அவளுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால், படத்தில் சிரிக்கிற மனிதரின் காட்டில் மருந்தில்லாப் பருத்தி இதோடு முடிந்தது. வாங்க ஆளில்லாத பயிரை எந்தச் சம்சாரி விதைப்பான்?

வியாழக்கிழமை சாயங்காலம் சீக்கிரம் கிளம்பி, சந்தையில் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தேசம்மா வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னாடி, மூஞ்சி தொங்கிக்கினு கீது?”

ஜெனிதா சொன்னாள். தேசம்மா கத்தியை நிறுத்தவே இல்லை.

“துணிதானே வித்த? வெசமா வித்த? வாய மூடிக்கினு வேலையப் பாரு. உன் புருஷன் கை தேறட்டும், அப்பால நாயம் பேசலாம்.”

“நீ பழைய மீனுக்கு செவுள்ல சாயம் தடவி விப்பியாம்மா?”

கத்தி நின்றது. “ஏய், யாரப் பாத்து இன்னா பேச்சு பேசற? இத்தினி வருஷத்துல ஒருத்தி வந்து இந்தக் கூடையாண்ட சண்ட போட்ருப்பாளா?” தேசம்மாவுக்கு மூச்சு வாங்கியது. பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். “என் மீனு வேற, உன் துணி வேற. மீனு நாறும்டி. ஊருக்கே காட்டிக் குடுத்துரும். துணி நாறுமா? நீ சொல்லாங்காட்டி யாருக்குத் தெரியப் போவுது?”

ஆறுதலுக்குத்தான் அம்மா அதைச் சொன்னாள். ஜெனிதாவுக்கு அதைக் கேட்டபிறகு இருந்த கொஞ்சநஞ்சத் தெம்பும் போய்விட்டது. பிரபாகரிடம் எதையும் சொல்லாமல் படுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை இசக்கிமுத்து வந்தார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. அண்ணாச்சியே கூட்டிக்கொண்டு மாடியேறி வந்தார். தன் படத்தைப் பார்த்ததும் மனிதருக்கு வெட்கம் வந்துவிட்டது. துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நாலைந்து பேர் படத்தையும் ஆளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

“நம்ம பஞ்சா தாயி இது?” என்று ஜெனிதாவிடம் கேட்டார்.

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஒரு விரிப்பை எடுத்துக் கைமேல் விரித்து, தூங்குகிற பிள்ளையைத் தடவுவதுபோல் தடவினார்.

“எங்க வீட்டுக்காரி எடுத்த பருத்தி. காய் ஓடு கீறி வெரலெல்லாம் ரணமாப் போகும். ஆனா மருந்து அடிச்ச காலத்துல வர்ற தலைசுத்தல் இல்ல, வாந்தி இல்ல. அதுக்கே கும்பிடணும். அவளும் வாரேன்னுதான் சொன்னா, உழவு கெடக்கு.” விரிப்பை முகத்தருகே கொண்டுபோய் மோந்தார். “காட்டு வாசம் போகவே இல்ல பாத்தீகளா!”

யாரோ எங்கேயோ விளைவித்த பஞ்சை இந்த மனிதர் தன் மனைவியின் கைப்பட்ட பஞ்சென்று மோந்துகொண்டிருக்கிறார். அவருக்கே தெரியவில்லை. அவருக்கே தெரியாதென்றால் இந்த உலகத்தில் வேறு யாருக்குத் தெரியும்?

அந்த நேரம் பார்த்து மதுமதி படியேறி வந்தாள். மார்போடு துணித் தொட்டிலில் கைக்குழந்தை. இன்னும் ஒரு ஜோடி விரிப்பு வேண்டுமாம். படத்தில் இருக்கிறவரே நேரில் நிற்பதைப் பார்த்ததும் அவளுக்கு ஒரே சந்தோஷம். “சார், உங்க பருத்தியிலதான் என் பொண்ணு தூங்குறா” என்றாள். இசக்கிமுத்து குழந்தையின் பாதத்தை ஒரு விரலால் தொட்டு, அந்த விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அண்ணாச்சிக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. “ஜெனிதா, கொளுத்திக் காட்டும்மா. அவனும் பாக்கட்டும்.”

முதல் குச்சி அணைந்துவிட்டது. இரண்டாவது குச்சியும் அணைந்தது. கை வேர்த்து, பெட்டியின் மருந்தே நமுத்துப்போயிருந்தது. மூன்றாவது குச்சி பற்றியது. நூல் எரிந்தது, சாம்பலானது, காகித மணம் வந்தது. எல்லாம் எப்போதும்போலத்தான். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். “பாத்தீகளா, சுத்தம்!” என்றார் இசக்கிமுத்து, தானே எரிந்து ஜெயித்ததுபோல.

“இது பருத்திதாங்க” என்றாள் ஜெனிதா. குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. “ஆனா உங்க பருத்தி இல்ல.”

“ஜெனிதா” என்றார் அண்ணாச்சி, மெதுவாக.

“ஆடி மாசம் ரேக் காலியா இருந்துச்சு. வெளக்கு வைக்கிற நேரம். நான்தான் வேற கட்ட எடுத்தாந்து வெச்சேன். மாத்தல. அப்லேர்ந்து இந்தப் படத்துக்குக் கீழ வித்தது எதுவும் உங்களுது இல்லீங்க. நூலக் கொளுத்துனா பருத்தின்னுதான் தெரியும். யாரு வெளைய வெச்சாங்க, எப்டி வெளஞ்சுதுன்னு தெரியாது. தெரியாமயே நானு எல்லாருக்கும் கொளுத்திக் காட்டிக்கினு இருந்தேன்.”

மதுமதியின் கை தானாகக் குழந்தையின் முதுகுக்குப் போனது. “அப்ப நான் வாங்கிட்டுப் போனது?”

“அதுவும் இல்ல மேடம்.”

“உங்களை நம்பித்தானே வாங்கினேன்.” அவள் சத்தம் போடவில்லை. திரும்பிப் படியிறங்கிப் போய்விட்டாள். கத்தியிருந்தால்கூட ஜெனிதா தாங்கியிருப்பாள்.

இசக்கிமுத்து கையிலிருந்த விரிப்பை மடித்தார். ஓரத்தோடு ஓரம் சேர்த்துப் பொறுமையாக மடித்து, தனக்குச் சொந்தமில்லாத பொருளை வைப்பதுபோல் தள்ளி வைத்தார். ஜெனிதா ரேக்கிலிருந்த விரிப்புகளை இரண்டு கையாலும் அள்ளி, எதிரே சாதாரண விரிப்புகள் இருந்த மேசையில் கொண்டுபோய்ப் போட்டாள். திரும்ப வந்தாள், அள்ளினாள், போட்டாள். ஒருவரும் தடுக்கவில்லை. கடைசி விரிப்பும் போனபின் ரேக்கின் மரப்பலகை பளிச்சென்று தெரிந்தது.

சரியாக அப்போது சாம்பிராணி வந்தது. சரோஜாதேவி அக்கா தட்டோடு ஏறி வந்து, வெறும் ரேக்கைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அண்ணாச்சியின் முகம் செத்துப்போயிருந்தது. விற்பனையாளன் ஆனந்தகுமார், சொல்லாமலே புரிந்துகொள்கிறவன், மேசையிலிருந்து ஒரு கட்டை அள்ளிக்கொண்டு ரேக்கை நோக்கி வந்தான். இத்தனை வருஷத்துப் பழக்கம்.

“அதை வைக்காதிய தம்பி” என்றார் இசக்கிமுத்து. அதட்டவில்லை, கெஞ்சவுமில்லை. “வைக்கிறதா இருந்தா முதல்ல என் படத்தைக் கழட்டிருங்க. என் மூஞ்சிக்குக் கீழ அடுத்தவன் பஞ்சு வேண்டாம். அண்ணாச்சி, நான் சண்டைக்கு வரல. விதைக்கவா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லிருங்க. வேண்டாம்னா மக்காச்சோளம் போட்டுக்கிடுதோம்.”

ஆனந்தகுமார் கட்டோடு அண்ணாச்சியைப் பார்த்தான். சரோஜாதேவி அக்காவும் பார்த்தாள். தட்டில் புகை குறைந்துகொண்டே வந்தது. அண்ணாச்சி யாரையும் பார்க்கவில்லை. அவர் கண் அந்தப் பலகையிலேயே இருந்தது.

“நீ வீட்டுக்குப் போ” என்றார் ஜெனிதாவிடம். “என் கண்ணு முன்னால நிக்காத.”

பனகல் பூங்காவரை நடந்தது அவளுக்கு நினைவிருக்கிறது. எந்த பஸ்ஸில் ஏறினாள், மந்தைவெளியில் எப்படி இறங்கினாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிரபாகரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அவன் நல்ல கையால் அவள் தலையைத் தடவிக்கொண்டு, “கஞ்சி குச்சாவது இருப்போம், வுடு” என்றான்.

காலையில் கடையின் யூனிஃபார்ம் சேலைகளைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு, திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாம் என்று போனாள். கண்ணாடி அறையில் அண்ணாச்சி இல்லை. மாடியில் இருப்பதாகச் சொன்னார்கள். ஏறிப் போனாள். அவர் அந்த ரேக்குக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். படம் அங்கேயே இருந்தது. ரேக் வெறுமையாகவே இருந்தது.

“சேலை எதுக்கு?” என்றார்.

“வேலைய வுட்டு நிறுத்திட்டீங்கன்னு…”

“எவன் சொன்னான்?” கோபம் குறையவே இல்லை அவருக்கு. “விதைக்கச் சொல்லிட்டேன். மில்லுக்காரனையும் பிடிச்சுக் கத்தியாச்சு, போன வெள்ளாமைப் பஞ்சை அடுத்த மாசம் நூலாக்கித் தாரேன்னுட்டான், தீவாளிக்குள்ள துணி வந்துரும். அதுவரைக்கும் நீ இங்கனதான் நிக்கணும், வேற எங்கயும் இல்ல. ரேக்கு ஏன் காலியாக் கெடக்குன்னு கேக்கிற ஒவ்வொருத்தருக்கும் நீயே சொல்லு. எனக்குச் சொல்ல வாய் வராது.”

அதைவிட வேலையை விட்டு அனுப்பியிருக்கலாம் என்று மத்தியானத்துக்குள் ஜெனிதாவுக்குத் தோன்றிவிட்டது. வருகிறவர்கள் கேட்டார்கள். அவள் சொன்னாள். “இவரோட பருத்தின்னு வேற பருத்திய வித்துட்டோம்மா. மாத்தி வெச்சது நான்தான். இவரோடது தீபாவளிக்கு வரும்.” சிலர் சிரித்தார்கள். சிலர் வீட்டிலிருக்கும் விரிப்பைத் திருப்பிக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள், கொண்டும் வந்தார்கள். ஒரு பெரியவர், “ஏமாத்தறதையும் ஏமாத்திட்டு அதைப் பெருமையா வேற சொல்றியா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அவள் தலையாட்டிக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் கை தானாகத் தீப்பெட்டிக்குப் போயிற்று. கொளுத்திக் காட்ட ஒன்றுமில்லை. மதுமதி வரவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை.

மாலையில் கீழேயிருந்து சாம்பிராணி வாசம் ஏறியது. ஜெனிதாவின் உடம்பு பழக்கத்தில் பதறியது. காலியாக இருக்கிறதே, ஓடு, எதையாவது எடுத்துவந்து வை என்று கை கால் எல்லாம் பரபரத்தது. பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சரோஜாதேவி அக்கா வந்து, முந்தைய நாளைப்போலவே தயங்கி நின்றாள். பின்னாலேயே மூச்சு வாங்க அண்ணாச்சி ஏறி வந்தார். அவள் கையிலிருந்த தட்டை வாங்கி, தானே அந்த வெறும் ரேக்குக்குப் புகை காட்டினார். ஒவ்வொரு பலகைக்கும் நின்று காட்டினார். பிறகு தட்டைத் திருப்பிக் கொடுத்தார். ஜெனிதாவுக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

“காலியாக் கெடக்கட்டும்” என்றார் அண்ணாச்சி, அவளைப் பார்க்காமல். “ஒண்ணையும் வச்சு நெரப்பிராத.”